பனி எரித்த பள்ளம்

பனி எரிக்கும் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் நீர்கொழும்பில் வளர்கிறவர்கள். பனி என்றால் அவர்களுக்குக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் படிந்திருப்பதுதான். உங்களுக்கு அப்படியல்ல. நானுஓயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில் என்னோடு பிறந்து வளர்ந்து, இன்று முட்டிவலியும் மூக்குக் கண்ணாடியுமாக ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு, காலையில் பச்சையாக இருந்த பாத்தி மத்தியானத்துக்குள் கருகி நின்ற நினைவு ஒன்றாவது இருக்கும். எனக்கு இருப்பதைச் சொல்கிறேன். நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அது.

அந்த வருடம் எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்டார்கள். வெறுமனே கிடந்த நிலத்தில் மரக்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி, லயத்துக் குடும்பங்களுக்குத் தோட்ட நிர்வாகம் பிரித்துக் கொடுத்தது. மேலே கல்லும் சரளையுமான மேடு. அடியில், ஓடையை ஒட்டி, ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்து மண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. கறுப்பாக, கையில் அள்ளினால் தேயிலைத்தூள் போலப் பொலபொலவென்று உதிரும். செருப்பில்லாத காலுக்கு மெத்தை மாதிரி இருக்கும். லயத்தில் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். அப்பாவுக்கு இரண்டு கண்ணும்.

பிரித்துக் கொடுத்தவர் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா. அவர் மேட்டை அப்பாவுக்கும் பள்ளத்தை அத்தைக்கும் கொடுத்துவிட்டார். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு கந்தப்பளைப் பக்கமிருந்து மகளோடு எங்கள் லயத்துக்கே வந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடுகிற லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிரா ஒரு கோடி, அவளுடையது மறுகோடி.

"அவ போயி முன்னாலயே சொல்லி வச்சிருக்கா" என்றார் அப்பா. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம."

"அவ எங்க போனா? காலையில போனா கொழுந்து நிறுத்துட்டு அந்தியில வாரா. ஆம்பள இல்லாத வீடுன்னு அந்த ஐயாவே குடுத்திருப்பாரு" என்றாள் அம்மா.

அப்பா கேட்கவில்லை. அத்தை கண்டாக்கு ஐயாவிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. ஆனால் அப்போது அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தீபாவளிக்குக்கூட அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அத்தை பலகாரத்தை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அப்பா அந்தத் தட்டைப் பார்க்காதவர் போல் பார்த்துவிட்டு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து ஒரு அதிரசத்தை எடுத்துத் தின்றார்.

அந்தப் பள்ளத்தில் அத்தை போட்ட உருளைக்கிழங்கு வெறும் கிழங்கு அல்ல. அவள் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பாஸாகியிருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அந்தப் படியைத் தாண்டிய முதல் பெண்பிள்ளை. மேலே படிக்க ஹட்டனுக்குப் போய், அங்கேயே தங்க வேண்டும். அதற்கான பெட்டி, உடுப்பு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அந்தக் கிழங்கிலிருந்து வரவேண்டும். வராவிட்டால் அவளும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியதுதான். பொங்கல் கழிந்த கையோடு தாயும் மகளும் விதைக்கிழங்கை ஊன்றினார்கள். கறுத்த மண்ணில் சாண் உயரத்துக்குச் செடி எழும்பி, இலைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்தன. மேட்டில் அப்பாவின் செடிகள் அவ்வளவு செழிப்பில்லை. பாதி மேட்டில் கல் பொறுக்கி முடியாததால், மிச்ச விதைக்கிழங்கைக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் வைத்திருந்தார். அந்த வாசனை உங்களுக்குத் தெரியும். மழைக்குப் பிந்திய மண்ணும் பழைய துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதற்கு மேலேதான் நான் படுத்துக்கொள்வேன்.

மாசி பிறந்ததும் வானம் கழுவிவிட்டது போல ஆயிற்று. பகலில் சுள்ளென்ற வெயில். இரவில் மேகமே இல்லை. காற்றும் நின்றுவிட்டது. பழைய சுவெட்டரின் கைகளை வெட்டி எங்கள் காலில் மாட்டிவிட்டார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தும் பல் கிட்டியது.

ஒரு நாள் விடிந்ததும் வாசலில் நின்று பார்க்கிறோம், கீழே பள்ளம் வெள்ளையாகக் கிடக்கிறது. யாரோ மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி நிரவிவிட்டது போல. பிள்ளைகள் நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். புல்லை மிதித்தால் முறுக்கு நொறுங்குகிற சத்தம். தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே வைத்திருந்த தகர வாளியில் தண்ணீர் கண்ணாடியாக இறுகியிருந்தது. அதை வட்டமாகப் பெயர்த்தெடுத்து, அடுப்பில் காய்ச்சிய கரண்டிக் காம்பால் ஓட்டை போட்டு, நூல் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். கீழே நானுஓயா ஸ்டேஷனில் ரயில் கூவியது பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது. அத்தையின் கிழங்குச் செடிகளில் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் வெள்ளை ஊசிகள். ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். அவ்வளவு அழகான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

"மிதிக்காதீங்க. யாரும் உள்ள போகாதீங்க" என்று அத்தை மகள் மேலிருந்து ஓடி வந்தாள். கையில் குடம். பின்னால் அத்தை. இருவரும் ஓடையில் மொண்டு மொண்டு செடிகளின் மேல் ஊற்றினார்கள். வெயில் படுவதற்குள் பனியைக் கழுவிவிட்டால் தப்பும் என்று கந்தப்பளையில் செய்வார்களாம். நாலைந்து வரிசை நனைவதற்குள் எதிர்மலையைத் தாண்டி வெயில் வந்துவிட்டது.

வெயில் பட்டதும் வெள்ளை கரைந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் பளபளவென்று இருந்தது. பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு இலைகள் கொதிநீரில் முக்கி எடுத்த கீரை போலத் தொங்க ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது பள்ளம் முழுக்கக் கறுப்பு. அவித்த கீரை புளித்துப்போன நாற்றம். ஓடையை ஒட்டியிருந்த தேயிலையும் செம்பு நிறமாகச் சுருண்டிருந்தது. ஆனால் மேட்டில் அப்பாவின் செடிகளுக்கு நுனி மட்டும்தான் பொசுங்கியிருந்தது. குளிர் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எல்லோரும் பொறாமைப்பட்ட அந்த இடம் குளிர் வந்து படுக்கிற தொட்டி. அப்போது லயத்தில் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள். சிலர் சொல்லும்போது அப்பா பக்கம் பார்த்தார்கள்.

அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போயி ஒரு வார்த்த கேளுங்க. கூடப் பொறந்தவதானே."

"என்னத்த கேக்குறது? பள்ளம் கருகிப்போச்சான்னா?"

"எப்பிடி இருக்கேன்னு கேளுங்க."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அத்தை மறுநாளே, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். கருகிய செடிகளைப் பிடுங்கவில்லை. மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "பாப்போம்" என்றாள். அந்தியில் வேலை முடிந்து வந்ததும் நேரே பள்ளத்துக்குப் போவாள். செடிக்குச் செடி குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மண்ணில் கையை வைத்தபடி வெகுநேரம் இருப்பாள். மேட்டிலிருந்து அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"செத்தவங்க பக்கத்துல ஒக்காந்திருக்கிற மாதிரி ஒக்காந்திருக்கா" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். குரல் வேறு மாதிரி இருந்தது. "இப்பிடியே விட்டா இவளுக்குப் புத்தி கெட்டுப்போகும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மகளும் வட்டகொடையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காலை ரயிலில் போனார்கள். அவர்கள் கண் மறைந்ததும் அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்தார். மண்வெட்டியை எடுத்தார்.

"வாங்க ரெண்டு பேரும்."

"எங்க?" என்றாள் அம்மா.

"பள்ளத்துக்கு. இருக்கிற வெதக் கெழங்கு பூரா அவளுக்குப் போட்டுருவோம்."

"அப்ப நம்ம மேடு?"

"மேட்டுல போஞ்சிக்காய் போட்டுக்கலாம்."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் அவள் இறங்கினாள்.

அப்பா வெறிபிடித்தவர் போலக் கொத்தினார். கருகிய செடிகளோடு மண்ணைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டே முன்னால் போனார். பின்னால் நானும் அம்மாவும் செடிகளையும் பழைய விதைக்கிழங்குகளையும் பொறுக்கிக் கூடையில் போட்டோம். பொறுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பழைய கிழங்குகளில் புதிதாக வெள்ளை முளைகள் இருந்தன. சின்ன விரல் நுனி போல, தலையில் ஊதா நிறத்தோடு, மேலே வரப் பார்த்துக்கொண்டு. ஒன்றை அம்மாவிடம் காட்டினேன்.

"அழுகுறதுக்கு முன்ன அப்பிடித்தான் முட்டும். கூடையில போடு" என்றாள். அம்மா அதுவரை கிழங்கு போட்டவள் அல்ல. அப்பாவும் அந்த வருடம்தான் முதல்முறை போட்டார். நான் கூடையில் போட்டேன். முளைகளைத் தொட்டால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி சில்லென்று இருந்ததும், டக் டக்கென்று ஒடிந்ததும் விளையாட்டாக இருந்தது.

வெயில் சாயும்போது எல்லாப் பாத்தியும் புதிதாக மண் அணைத்து, கோடு பிடித்தாற்போல நின்றது. அப்போதுதான் மேலே பாதையில் அத்தையும் மகளும் வந்தார்கள். அத்தை தலையில் கதம்பம், கையில் சாப்பாட்டுப் பொட்டலம். பாதையிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. பல மாதங்களுக்குப் பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாம் ஊண்டியாச்சு. இனி அந்தியில வந்து குந்திக்கிட்டுக் கெடக்காத."

அத்தை மெல்ல இறங்கி வந்தாள். பாத்திகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்திலிருந்த கூடையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

"அம்மா, இதெல்லாம்..." என்று மகள் தொடங்கினாள்.

அத்தை அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் மகளின் பேச்சு நின்றது.

"நீ போயி தேத்தண்ணிக்குத் தண்ணி வை" என்றாள் அத்தை. பிறகு என்னிடமிருந்த கூடையை வாங்கி, தானே ஓடைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தாள். அங்கே குனிந்து முகத்தைக் கழுவினாள். நேரம் எடுத்துக் கழுவினாள். திரும்பி வரும்போது சிரித்தாள்.

"அண்ணே, கை கால கழுவுங்க. விசேஷ வீட்டுச் சோறு இருக்கு. மதினி, நீங்களும் ஒக்காருங்க. எல்லாருக்கும் காணும்."

வரப்பில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வாழையிலை மணக்கும் புளிச்சோறு, ஆறிப்போன வடை. அப்பா தன் கையிலிருந்த வடையைப் பிய்த்து அத்தையின் சோற்றில் வைத்தார். சின்ன வயதில் அவள் அட்டை கடித்து அழுத கதையைச் சொல்லிச் சிரித்தார். தேத்தண்ணி வரவில்லையே என்று என்னை அனுப்பினார்கள். அத்தை மகள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். பனிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாத மதினி, எங்கப்பா எல்லாம் போட்டுட்டாங்க" என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதினாள்.

அந்தக் கிழங்கு முளைத்தது, நன்றாகவே வளர்ந்தது. ஆனால் பிந்திப்போய்விட்டது. கிழங்கு பருக்கிற நேரத்துக்கு ஆனி மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் சூரியனைக் காணவில்லை. பள்ளம் ஊறி, இலைகளில் கருகல் விழுந்தது. தோண்டியபோது பாதிக்கு மேல் கையில் கூழாகப் பிதுங்கியது. அதற்குள் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தொடங்கிவிட்டது. அத்தை மகள் தோட்டத்தில் பெயர் பதிந்து, கூடை கட்டி, அந்த வருடம் முழுக்கக் கொழுந்தெடுத்தாள். அவள் விரல்களில் கறை ஏறியதை நான் பார்த்தேன். மறுவருடம்தான் அவள் படிக்கப் போனாள். அவளுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ் நிற்கிற இடம் வரை அப்பாதான் சுமந்துபோனார். படித்தாள். தபால் கந்தோரில் வேலை பார்த்து இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள்.

அப்பாவும் அத்தையும் அதற்குப் பிறகு ஒருநாளும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் கூடினால் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வார். தங்கச்சியின் பள்ளம் கருகிப்போனதையும், தான் விதைக் கிழங்கோடு இறங்கியதையும். அத்தை பக்கத்தில் இருந்தால் "ஆமா" என்பாள்.

எனக்குக் கல்யாணமாகி நுவரெலியாப் பக்கம் போன பிறகு நாங்களும் கிழங்கு போட்டோம். ஒரு மாசியில் அதேபோலப் பனி விழுந்து எல்லாம் கருகியது. நான் பிடுங்கப் போனேன். பக்கத்துத் தோட்டத்துச் சிங்களப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டித் தடுத்தார். மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கச் சொன்னார். விலக்கினேன். கருகிய தண்டுக்குக் கீழே, அதே வெள்ளை முளை, தலையில் ஊதா. அப்படியே விட்டால் செடி தானாகத் திரும்ப எழும்பி, மழைக்கு முன்பே கிழங்கு பிடிக்கும் என்றார் பெரியவர்.

நான் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தை அந்தி அந்தியாகக் குந்தி உட்கார்ந்திருந்தது துக்கத்தில் இல்லை. அவள் மண்ணை விலக்கி விலக்கி முளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கக் கூச்சப்பட்டு, அதற்குப் பதிலாக ஒரு பள்ளத்தையே கொத்திக் கொடுத்தார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அப்பா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அத்தையிடம் கேட்டேன். அவள் போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, அன்னிக்கு அந்தக் கெழங்கெல்லாம் மறுபடி மொளச்சிருந்துச்சுல்ல?"

கை நின்றது. முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"மெதுவா பேசு" என்றாள். பிறகு, "முக்காவாசி மொளச்சிருந்துச்சு. அன்னிக்குக் காலையில ரயிலுக்குப் போகையிலகூட பாத்துட்டுத்தான் போனேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்லச் சொல்லுற? எம் மொகத்தப் பாக்காம இருந்த மனுசன், முழங்கால் சேத்தோட எம் முன்னால வந்து நிக்குது. நீ கெடுத்துட்டேன்னு சொல்லவா?"

"மதினி படிப்புல ஒரு வருசம் போச்சே."

அத்தை கையிலிருந்த காயை முறத்தில் போட்டாள்.

"போச்சு" என்றாள். "அவ ரொம்ப நாள் எங்கூட சரியாப் பேசல. அவ பேசாம இருந்ததுல ஞாயம் இருந்துச்சு. எனக்கு அண்ணனும் வேணும், அவ படிப்பும் வேணும். அந்த நிமிசத்துல கைக்குக் கிட்ட நின்னது அண்ணன்தான். அதப் புடிச்சிக்கிட்டேன். சரியா தப்பான்னு இன்னும் எனக்குத் தெரியல."

அப்பா போன கார்த்திகையில் எங்களை விட்டுப் போய்விட்டார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. நான் இதை எழுதப் போகிறேன் என்று முதலில் அத்தை மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "எழுது. எனக்கு மாமா மேல கோபம் எப்பயும் இருந்ததில்ல. அம்மா மேலதான் இருந்துச்சு, அதுவும் எப்பவோ போயிருச்சு" என்றாள்.

பிறகு அத்தையிடம் நேரில் போய்க் கேட்டேன். அவளுக்கு இப்போது காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, வெளியே தூறலைப் பார்த்தாள்.

"எழுதிக்க" என்றாள். "ஆனா அண்ணன் எவ்வளவு ஆழமா கொத்தியிருந்துச்சுன்னும் எழுது. அந்தப் பள்ளத்த அதுக்கு முன்னயும் சரி, பின்னயும் சரி, யாரும் அப்பிடிக் கொத்துனதில்ல."